யுபிவிசி சன்னல் கைப்பிடி: கம்பியை அளக்காமல் வாங்காதீர்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இது ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், அப்படியே சன்னல் பக்கம் கண் போகும், கைப்பிடி வெளுத்துப்போய் லொடலொடவென்று ஆடும், ஆன்லைனில் நாலு வாங்கி நாமே போட்டுவிடலாம் என்று தோன்றும். தாராளமாகப் போடலாம், இரண்டு திருகு வேலைதான். ஆனால் இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஆளாளுக்கு ஒரே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள்.

நம் ஊரில் இந்தச் சன்னலே புதுசு. தோட்டத்து லயத்து வீட்டுப் பலகைச் சன்னலுக்கு ஒரு கொக்கி போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அலுமினியம் வந்தது. இப்போது 1ஆம் எண் கூட்டரசு சாலையை ஒட்டி இருப்பவர்கள் லோரி சத்தம் தாங்காமல் யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சன்னலுக்கு மாறுகிறார்கள். அதனால் கைப்பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. நிறம் பொருந்தவில்லை, திருகு தொலைந்துவிட்டது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அது உங்களுக்கே தெரியும்.

கைப்பிடி மேல் பழி போடுவது

நல்ல கைப்பிடி சும்மா உடையாது. யாரோ பலம் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள், ஏன் பலம் போட வேண்டி வந்தது என்பதுதான் கேள்வி. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது லேசாகத் திரும்பி, மூடியதும் இறுகினால் கைப்பிடியிலும் கோளாறு இல்லை, கியர்பாக்ஸிலும் (கைப்பிடி திரும்பும்போது கதவுக்குள் இருக்கும் பூட்டுத் தண்டை, அதாவது ராடை, நகர்த்தும் பெட்டி) இல்லை, சன்னல் கதவு தொங்கிவிட்டது அல்லது சட்டத்தில் ராடு மாட்டும் பிடிகள் நகர்ந்துவிட்டன. கீலைச் சரிசெய்யாமல் புதுக் கைப்பிடி போட்டால் அதுவும் உடையும். திறந்திருக்கும்போதே இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸைப் பாருங்கள்.

மேற்கு பார்த்த சன்னல் என்றால் காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியதும் ஒரு தடவை. யுபிவிசி சூட்டில் நீளும் சாமான், ஓர் ஆள் மார்பு உயரச் சட்டம் நல்ல வெயிலில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே நீளும், அந்த ஒரு மில்லிமீட்டர் போதும் ராடு இடிக்க.

கம்பி நீளம்

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

கைப்பிடியின் பின்பக்கம் ஒரு சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்பிண்டில் என்பார்கள். பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் கனம். திருகு ஓட்டைகளுக்கு நடுவே பெரும்பாலும் 43 மில்லிமீட்டர். இந்த இரண்டும் பொதுவாக ஒரே மாதிரி இருப்பதால் எல்லாக் கைப்பிடியும் எல்லாச் சன்னலுக்கும் ஆகும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகாது. கம்பியின் நீளம் 10, 15, 20, 30, 40, 55 என்று பல அளவில் வரும், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியின் சட்டமும் ஒவ்வொரு தடிப்பு, கியர்பாக்ஸ் உள்ளே எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அதோடு மாறும்.

நீளம் கூடினால் கம்பி உள்ளே எதிர்ச்சுவரில் முட்டும், கைப்பிடியின் பிளேட் சட்டத்தில் ஒட்டாமல் நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும், தெரிந்தும் திருகை முறுக்கி ஒட்ட வைக்கப் பார்ப்பார்கள், பிளேட் விரிசல் விடும் அல்லது கைப்பிடி திரும்பவே மாட்டேன் என்று நிற்கும்.

நீளம் குறைந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அன்றைக்கு எதுவும் தெரியாது. கைப்பிடி அழகாக உட்காரும், திரும்பும், பூட்டும், எல்லாருக்கும் சந்தோஷம். உள்ளே கம்பியின் நுனி மட்டும் கியர்பாக்ஸின் சதுர ஓட்டையைக் கொஞ்சமாகப் பிடித்திருக்கும். அந்த ஓட்டை இருக்கும் பாகம் பெரும்பாலும் வார்ப்பு உலோகம், மிருதுவானது. தினமும் திருப்பத் திருப்ப ஓட்டையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகும். ஒரு நாள் கைப்பிடி மட்டும் சுற்றும், ராடு நகராது. அது பெரும்பாலும் சன்னல் பூட்டியிருக்கும்போதுதான் நடக்கும்.

சாலையோரத் தாமானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் சிங்கப்பூரில் வேலை, விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்காகக் கறுப்புக் கைப்பிடி வாங்கி எல்லாச் சன்னலுக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நல்ல பிள்ளை. பழையதில் கம்பி 40, இவன் வாங்கியது 30. மாடியில் ஒரு சன்னல் பூட்டியபடியே மாட்டிக்கொண்டது. உள்பக்கம் சுவரோடு பற்ற வைத்த கிரில், வெளிப்பக்கம் தரையிலிருந்து ஏணி போட வேண்டிய உயரம். கிரில்லுக்குள் கை விட்டுக் கைப்பிடியைக் கழற்றி, நீளமான கம்பி ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்தேன். ஓட்டையின் ஆழத்தில் தேயாத பகுதி இருந்தால் சில சமயம் பிடித்துக்கொள்ளும், இதை நீங்களும் முதலில் முயன்று பாருங்கள். அங்கே பிடிக்கவில்லை. கடைசியில் கிரில்லை அறுத்து, சட்டத்தைக் குடைந்து ராடை நகர்த்தித் திறந்தோம். கியர்பாக்ஸ், ராடு, கிரில் வெல்டிங், மறுபடி பெயிண்ட். கைப்பிடியின் விலை ஒரு குடும்பத்தின் நாசி லெமாக் சாப்பாட்டுக் காசுதான், அதற்கு வந்த செலவு அந்த அம்மா தீபாவளிக்கு ஒதுக்கி வைத்திருந்த காசில் போனது. பையன் போனில் கேட்கிறான், “அங்கிள், பத்து மில்லிமீட்டர்தானே குறைச்சல்?” கியர்பாக்ஸைக் கம்பி பிடிக்கிற இடமே அந்தப் பத்து மில்லிமீட்டர்தான், தம்பி.

அளப்பது பெரிய வித்தை இல்லை. பழைய கைப்பிடியைக் கழற்றி, பிளேட்டின் அடிப்பக்கத்திலிருந்து (சட்டத்தில் ஒட்டும் பக்கம்) கம்பி நுனி வரை அளங்கள். கைப்பிடியின் தலையைச் சேர்க்கக் கூடாது. பழையதே குறையான நீளமாக இருக்கலாம், அதனால் நுனியைப் பாருங்கள், நுனி மட்டும் தேய்ந்து பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஓர் ஈர்க்குச்சியை ஓட்டைக்குள் முட்டும் வரை விட்டு, சட்டத்தின் மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அளந்தால் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். கம்பி அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். கடையில் சரியான அளவு இல்லையா, நீளமானதை வாங்குங்கள். இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்து அரத்தால் ஓரத்தை வழித்தால் முடிந்தது. குட்டையை நீட்ட முடியாது.

கம்பியே இல்லாமல், சட்டத்தில் மாட்டும் மூக்கு மட்டும் வைத்த கைப்பிடி என்றால் இந்த அளவு வேண்டாம். பிளேட்டின் அடியிலிருந்து மூக்கின் அடி வரை உள்ள உயரத்தை அளங்கள்.

மூடி வைத்துக்கொண்டு வேலை செய்வது

சன்னல் திறந்தே இருக்க வேண்டும். நாலைந்து தடவை திருப்பிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

கிரில்லை மறப்பது

வெளிநாட்டு வீடியோக்களில் இது வராது, அவர்கள் வீட்டில் கிரில் இல்லை. நமக்குக் கைப்பிடிக்கும் கிரில் கம்பிக்கும் நடுவே ஒரு கை போகும் இடம்தான். தலை பெரிதான கைப்பிடி பாதி திரும்பியதும் கம்பியில் இடித்து நிற்கும், அப்புறம் ராடு முழுசாக நகராது, பூட்டிய மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. வாங்கும் முன் கைப்பிடியின் நீளத்துக்கு ஓர் அட்டையை வெட்டி அந்த இடத்தில் சுற்றிப் பாருங்கள்.

இடது, வலது

இடதா வலதா என்று பார்ப்பது வளைந்த கைப்பிடிக்கு மட்டும். சன்னல் மூடியிருக்க, உள்ளே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) காட்டுங்கள். வாயால் விளக்க வேண்டாம்.

டிரில்

வேண்டாம். கையால் முறுக்குங்கள். பல மாடல்களில் அந்தத் திருகு நேராகக் கியர்பாக்ஸில் ஏறுகிறது, மரை போனால் மறுபடி மேலே சொன்ன கதைதான்.

துரு எடுக்கும் ஸ்ப்ரே

அது அழுக்கைக் கரைக்கும், கொஞ்ச நாளில் காய்ந்தும் போகும். ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே அல்லது தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

சாவி

பூட்டு வைத்த கைப்பிடி போட்டால் அதன் சாவியும் கிரில் சாவியும் அதே அறையில், இருட்டில் தடவினாலும் கிடைக்கிற ஆணியில் தொங்க வேண்டும். வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத ஆணியில்.