அகத்திய நட்சத்திரம்: கண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

பிப்ரவரியில் இரவு 9 மணிவாக்கில் மொட்டை மாடியில் தெற்கு பார்த்து நின்றால், கீழ்வானில் ஒரு நட்சத்திரம் தனியாகப் பளிச்சென்று தெரியும். அதுதான் அகத்தியர், வானியலில் கேனோபஸ். தேடும்போதே பலர் கோட்டைவிடுகிறார்கள். கண்ணில் முதலில் படும், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸையே அகத்தியர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிரியஸிலிருந்து நேராகத் தெற்கே 36 பாகை இறங்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியால் அளந்தால் ஏறக்குறைய மூன்றரை முஷ்டி. சென்னையில் அகத்தியர் 24 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை, கன்னியாகுமரியில் 29. எதிரே அடுக்குமாடி நின்றால் கதை முடிந்தது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. சிரியஸ்தானே அதிகப் பிரகாசம், அப்படியானால் அதுதான் பெரியது என்று நினைப்பது அடுத்த தவறு. சிரியஸ் 8.6 ஒளியாண்டில், பக்கத்து வீட்டு விளக்கு மாதிரி இருக்கிறது. அகத்தியரோ சுமார் 310 ஒளியாண்டு தள்ளி. அவரைச் சிரியஸ் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால், இப்போது தெரிவதைப் போல ஏறத்தாழ 1300 மடங்கு பிரகாசிப்பார். இந்தத் தூரமே லேசில் பிடிபடவில்லை. 1990களில் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அளந்து சொல்லும்வரை, 96 ஒளியாண்டிலிருந்து 1200 வரை ஆளுக்கொரு கணக்கு இருந்தது.

எனக்குப் பிடித்த தவறு, அகத்தியரைக் குறிக்கும் 'ராட்சத நட்சத்திரம்' என்ற சொல்லில் இருக்கிறது. குறுக்களவு சூரியனைப் போல 70 மடங்குக்குச் சற்று மேல். சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் விளிம்பு புதன் கோளின் பாதையை நெருங்கிவிடும். உடனே எடையும் அதே கணக்கில் இருக்கும் என்று தோன்றும். ஆனால் நிறை சூரியனைப் போல 8 முதல் 10 மடங்குதான். கொள்ளளவோ மூன்றரை லட்சம் மடங்கு! வகுத்துப் பார்த்தால், சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றில் முப்பதில் ஒரு பங்குதான் வருகிறது. மையம் நல்ல அடர்த்தி. வெளிப்பகுதி வெறும் சூடான மெல்லிய வாயு.

ராட்சத நட்சத்திரம் என்றால் சிவப்பு என்பதும் சரியில்லை. திருவாதிரை சிவப்பு, மேற்பரப்பு ஏறத்தாழ 3500 கெல்வின். அகத்தியருக்கு 7400 கெல்வின். சூரியனைவிடச் சூடு, நிறம் வெண்மை. அடிவானத்தில் செம்மை கலந்து மினுக்கினால் அது நம் காற்றின் வேலை.

அப்புறம், தெற்கின் துருவ நட்சத்திரம் என்று சிலர் சொல்வார்கள். வானின் தென்துருவப் புள்ளி அங்கிருந்து 37 பாகை தள்ளி இருக்கிறது. சென்னையில் அகத்தியர் உதித்து ஒன்பதரை மணி நேரத்தில் மறைந்தும் விடுகிறார்.

ஆனாலும் பல விண்கலங்கள் திசை பார்க்க இவரைத்தான் பிடித்துக்கொண்டன. 1964இல் செவ்வாய்க்குக் கிளம்பிய மாரினர் 4, அகத்தியரைத் தேடி முதலில் வேறு நட்சத்திரங்களில் போய் நின்றது. கண்டுபிடித்த பிறகும், கலத்திலிருந்து உதிர்ந்து வெயிலில் மின்னிய தூசியைப் பார்த்து ஏமாந்து, பிடியை விட்டது.