கேள்விப்பத்திரத்தில் அடங்காத பொருளை அரசுக்குக் கொடுப்பது எப்படி?

வவுனியா தொடங்கி முல்லைத்தீவு வரை சின்னச் சின்னப் பட்டறைகளில் இளைஞர்கள் எதையாவது செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் குளத்து நீர்மட்டத்தைக் கைபேசிக்கு அனுப்பும் கருவி செய்கிறார். இன்னொருவர் யானை வேலியில் மின்சாரம் நின்றால் மணியடிக்கும் கருவி செய்கிறார். செய்வதுகூடப் பெரிய பாடில்லை; அதை ஒரு திணைக்களத்துக்குக் கொடுப்பதுதான் பெரும்பாடு.

நானும் ஒருமுறை ஒரு கேள்விப்பத்திரத்துக்கு (டெண்டருக்கு) விண்ணப்பித்துப் பார்த்தேன். நீர்மட்டக் கருவிக்கான விவரக்குறிப்பு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பொருளின் விளம்பரத் தாளிலிருந்து வரிக்கு வரி எடுத்ததுபோல் இருந்தது. மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கையும் கேட்டிருந்தார்கள். எங்கள் பட்டறைக்கு அப்போது வயது பதினான்கு மாதம். விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டிய பணம் போனதுதான் மிச்சம்.

கோபம் ஆறிய பிறகு ஒன்று புரிந்தது. சீமெந்து, கதிரை, டயர் வாங்குவதற்குக் கேள்விப்பத்திரம் நல்ல முறைதான். என்ன வேண்டும் என்று வாங்குபவருக்கே தெரியும். விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். இன்னும் யாரும் செய்து முடிக்காத பொருளை அப்படி விவரிக்க முடியாது. தெரியாததை விவரிக்கச் சொன்னால், பாவம், எழுதுவினைஞர் விளம்பரத் தாளைத்தான் எடுப்பார்.

அமெரிக்கர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1958இல் நாசாவை உருவாக்கிய சட்டத்தில், ஒப்பந்தம், குத்தகை என்று அடுக்கிக்கொண்டு போகும்போது ‘ஏனைய கொடுக்கல்வாங்கல்கள்’ என்றும் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். வழமையான கொள்முதல் விதிகளுக்கு வெளியே, இரு தரப்பும் பேசித் தீர்த்து உடன்படிக்கை எழுதலாம் என்பதே அதன் பொருள். 1989இல் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகவரகமான டார்ப்பாவுக்கும் அந்த அதிகாரம் கிடைத்தது. 1993இல் நிறைவேறிய சட்டம் அதை மாதிரிப் பொருள்கள் செய்விப்பதற்கும் விரித்தது. நெகிழ்வு என்றதும் எழுத்தே தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். விதிநூல் துணைக்கு இல்லாதபோது உடன்படிக்கையில் எழுதாத ஒவ்வொன்றும் பின்னால் சண்டையாக வரும்.

அந்தச் சட்டம் அமெரிக்காவுக்கானது. இங்கே அரச பணம் என்றால், அரச கொள்முதலுக்கு விதி வகுக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் வழிகாட்டல்கள்தான். புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆகவே கச்சேரியில் போய் “அமெரிக்காவில் இப்படிச் செய்கிறார்களே” என்று வாதாடாதீர்கள். முதல் பரீட்சார்த்தத்தைக் கமக்காரர் அமைப்பின் சொந்த நிதியில் சிறிய அளவில் வைத்துக்கொண்டு, திணைக்களத்திடம் அனுமதிக் கடிதமும் பார்வையாளராக ஒரு அலுவலரும் மட்டும் கேளுங்கள். அரச பணம் ஒரு ரூபாய் சேர்ந்தாலும் முதலில் கணக்காளரைப் பாருங்கள். முறை அமெரிக்காவுடையது என்றாலும் அதன் ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: பொருளை எழுதாதீர்கள், பிரச்சினையை எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கம். “துருப்பிடிக்காத உறையும் 10 மீற்றர் கேபிளும் கொண்ட அழுத்த சென்சர் நான்கு” என்று எழுதினால் அது பழைய கதை. இப்படி எழுதிப் பாருங்கள்: “மாரியில் குளம் வான் பாய்வதற்கு ஆறு மணித்தியாலம் முன்னரே கீழ்வயல்காரர் 40 பேருக்கும் தெரிய வேண்டும். குளக்கட்டில் மின்சாரம் இல்லை. இரவில் அங்கே யாரும் நிற்பதில்லை.” 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சியில் கண்டவர்களுக்கு அந்த ஆறு மணித்தியாலத்தின் பெறுமதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படி எழுதினால் சென்சர் வைப்பவரும் வரலாம், கமரா வைப்பவரும் வரலாம், மிதவையும் மணியும் போதும் என்று சொல்பவரும் வரலாம். மிதவைக்காரர் வென்றால் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அது சரி.

படி 2: தனியாகப் போகாதீர்கள்

தெரிந்த அலுவலர் இருக்கிறார், நேரே பேசி முடித்துவிடலாம் என்ற எண்ணம் வரும். வேண்டாம். அந்த ஒரு பக்கத்தைக் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில் இரண்டு வாரம் ஒட்டச் சொல்லுங்கள். விரும்புபவர்கள் ஐந்து பக்கத்துக்கு மேற்படாமல் தங்கள் யோசனையை எழுதிக் கொடுக்கட்டும். அவர்களில் இரண்டு மூன்று பேரைக் குளக்கட்டுக்கே அழைத்துச் செய்து காட்டச் சொல்லலாம். 2015இல் சிலிக்கன் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் திறந்த புத்தாக்க அலகும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது: பிரச்சினையை அறிவிக்கிறது, சுருக்கமான யோசனைகளை வாங்குகிறது, பிறகு நேரில் கேட்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இந்தப் போட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. அது ஐந்தாம் படியில் வரும்.

படி 3: பணத்தைக் கட்டங்களில் கட்டுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 2006இல் நாசா, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வாகனங்களை உருவாக்க ஸ்பேஸ்எக்ஸ், ரொக்கெட்பிளேன் கிஸ்லர் என்ற இரு நிறுவனங்களுடன், மேலே சொன்ன ‘ஏனைய கொடுக்கல்வாங்கல்’ வகை உடன்படிக்கை செய்தது. கட்டம் முடிந்தால் பணம், முடியாவிட்டால் இல்லை. இரண்டாவது நிறுவனம் வெளியிலிருந்து முதலீடு திரட்ட வேண்டிய கட்டத்தில் தவறியது. 2007இல் நாசா அந்த உடன்படிக்கையை நிறுத்தியது. ஒதுக்கிய ஏறத்தாழ 207 மில்லியன் டொலரில் அதுவரை போனது 32 மில்லியன் அளவுதான். மிச்சப் பணத்தைக் கொண்டு 2008இல் ஓர்பிட்டல் நிறுவனத்தைச் சேர்த்தார்கள். 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் வாகனம் நிலையத்தை அடைந்தது.

நமக்கு ரொக்கெட் வேண்டாம். குளத்துக்கு நான் இப்படிப் பிரிப்பேன். கம்பம் நட்டு முதல் தரவு வந்ததும் 20 வீதம். 30 நாள் தொடர்ந்து, அளவுகோலில் கண்ணால் பார்த்த கணக்குடன் 2 அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் 30 வீதம். ஒரு மாரி முழுவதும் தாங்கினால் 40 வீதம். தமிழில் கையேடு கொடுத்து, அமைப்பில் இருவருக்குப் பற்றரி மாற்றப் பழக்கினால் கடைசி 10 வீதம்.

மாரிக்கு ஏன் இவ்வளவு பங்கு என்று கேட்கலாம். கருவி உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். ஆனால் கோடைக்கும் ஒரு பங்கு வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் முதல் கருவி, ஆடி மாதத்தில் ஒருநாள் குளம் நிறைந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியது. அமைப்பின் செயலாளர் ஐயா அழைத்தார். “தம்பி, குளம் நிறைந்ததாகச் செய்தி வந்திருக்கிறது. நான் குளத்துக்குள்தான் மாடு கட்டிக்கொண்டு நிற்கிறேன்” என்றார். போய்ப் பார்த்தால், ஒலியலை அனுப்பும் சென்சரின் வாயில் ஒரு குளவி அழகாக மண்கூடு கட்டியிருந்தது. அலை கூட்டில் பட்டு உடனே திரும்ப, தண்ணீர் மிக அருகில் இருப்பதாகக் கருவி கணக்குப் போட்டுவிட்டது. பட்டறை மேசையில் இது ஒருநாளும் தெரியவந்திருக்காது. இப்போது ஒரு மணித்தியாலத்தில் அளவு ஒரு அடிக்கு மேல் மாறினால், செய்தி போவதற்கு முன் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உடன்படிக்கையிலேயே உள்ளது.

படி 4: எது யாருக்குச் சொந்தம்

மூன்று வரி போதும். தரவு குளத்தைச் சேர்ந்தவர்களுக்கு. மென்பொருள் பட்டறைக்கு. பட்டறை மூடப்பட்டால் மென்பொருளின் பிரதி அமைப்புக்கு.

படி 5: அடுத்தது என்ன என்பதை இன்றே எழுதுங்கள்

ஒரு குளத்தில் சரிவந்தால் பத்துக் குளத்துக்கும் கொடுக்கலாம் என்று எல்லோரும் வாயால் சொல்வார்கள். அமெரிக்கச் சட்டத்தில், மாதிரிக்கான தெரிவு போட்டி முறையில் நடந்து, வேலையும் வெற்றிகரமாக முடிந்திருந்தால், மீண்டும் போட்டி வைக்காமல் அதே நிறுவனத்திடம் தொடர் உற்பத்தியைக் கொடுக்க இடமுண்டு. ஆனால் 2018இல் ரீன் கிளவுட் என்ற நிறுவனத்துக்கு அப்படிக் கொடுத்தபோது, ஒரக்கிள் நிறுவனம் முறையிட்டது. அமெரிக்காவின் அரச கணக்காய்வு அலுவலகம் முறைப்பாட்டை ஏற்றது. தொடர் உற்பத்தி பற்றி முதல் உடன்படிக்கையில் எழுதியிருக்கவில்லை; மாதிரி வேலையும் முழுதாக முடிந்திருக்கவில்லை. உச்ச வரம்பு 950 மில்லியன் டொலர் என்று அறிவித்த வேலை அது!

இங்கே பத்துக் குளத்துக்கு அரச பணம் வரும்போது வழிகாட்டல்களின்படி மீண்டும் போட்டி வரத்தான் செய்யும். அதற்கு உதவும்படி, பரீட்சார்த்த முடிவுகளை இரு தரப்பும் கையொப்பமிட்ட அறிக்கையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விவரக்குறிப்பு எழுதுபவரின் கையில் விளம்பரத் தாளுக்குப் பதிலாக அந்த அறிக்கை இருக்கட்டும்.

படி 6: பிரிவதற்கும் ஒரு பந்தி

கட்டம் தவறினால் எத்தனை நாள் அவகாசம், யார் யாருக்கு எழுத்தில் அறிவிப்பது, கொடுத்த பணத்தில் எது திரும்பும், எது திரும்பாது. இவற்றோடு எல்லோரும் மறக்கும் ஒன்று: நட்ட கம்பத்தை யார் கழற்றுவது? எங்கள் பிரதியில் இப்படி இருக்கிறது: “உடன்படிக்கை முடிந்து 14 நாளுக்குள் பட்டறை தன் செலவில் கம்பத்தையும் சோலார் பனலையும் அகற்றி, குளக்கட்டில் தோண்டிய குழியை மண் இறுக்கி மூட வேண்டும்.”