அறத்துக்கு விலை பேசும் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் திருத்திய விடைத்தாளோடு தன் தந்தையின் முன் வந்து நின்றபோது நான் அருகில் இருந்தேன். ஆசிரியர் கூட்டலில் தவறியதால் அவனுக்கு 4 மதிப்பெண் கூடுதலாக விழுந்திருந்தது. “சொல்லிவிடட்டுமா அப்பா?” என்று கேட்டான். தந்தை தாளை வாங்கித் தாமும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, “நீயாகப் போய்ச் சொல்லாதே; அவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். நாள் தவறாமல் வழிபடுபவர், மகனுக்கு நீதிக்கதை சொல்லித் தூங்கவைத்தவர். ஆனால் நேர்மையும் மதிப்பெண்ணும் எதிரெதிரே நின்றால் இந்த வீட்டில் எது வெல்லும் என்பதைச் சிறுவன் அன்று தெரிந்துகொண்டான்.

பொருளே பெரிதென்று எண்ணும் சமூகத்தில் பிள்ளைகளை நெறியோடு வளர்க்க முயலும்போது நாம் செய்யும் தவறுகள் பலவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஆசையைப் பெருக்கும் சந்தையை வாயாரக் கண்டித்துவிட்டு, ‘இதைச் செய்தால் இன்னது கிடைக்கும்’ என்ற அதே சந்தையின் மொழியில்தான் அறத்தையும் கற்பிக்கிறோம்.

நீதிநெறிகளை ஒப்பிக்க வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்புவது முதல் தவறு. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளை, ஏமாற்றுவதற்கும் பொய் சொல்வதற்கும் வாய்ப்புள்ள சூழல்களில் வைத்துச் சோதித்து, 1928 முதல் 1930 வரை முடிவுகளை வெளியிட்டார்கள். நேர்மை இன்னதென்று அறிந்திருப்பதற்கும் நேர்மையாக நடப்பதற்கும் இடையே அவர்கள் கண்ட தொடர்பு மெலிதாகவே இருந்தது. ஓரிடத்தில் ஏமாற்றாத பிள்ளை வேறோரிடத்தில் ஏமாற்றினான். சூழலுக்கு இவ்வளவு வலிமை இருக்கிறதென்றால், சிறிய நேர்மைகள் இயல்பாக நடக்கும் வீட்டையும் வகுப்பையும் உருவாக்குவதே நம் முதல் வேலை. அறிவுரை அதற்குப் பிறகுதான்.

அடுத்த தவறு எனக்கு மிகுந்த கவலை தருவது: நற்செயலுக்குக் கூலி கொடுப்பது. தங்கைக்கு விட்டுக்கொடுத்தால் பரிசு, பாட்டிக்கு உதவினால் கூடுதல் கைச்செலவுப் பணம் என்று தொடங்குவது நல்லெண்ணத்தோடுதான். ஆயினும் வார்னெக்கன், டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்காகப் பொருள் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். வாய்ச்சொல்லால் மட்டும் பாராட்டப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. கேட்காமலே உதவ ஓடிவரும் மனம் மனிதருக்கு அத்தனை சிறு வயதிலேயே இருக்கிறது. அதற்கு விலைச்சீட்டு ஒட்டுபவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். ஆன்மிகத்திலும் இதையே செய்கிறோம். நன்றாக வேண்டிக்கொள், முதலிடம் கிடைக்கும் என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்குத் தேர்வு கைவிட்டுப் போகும்போது நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடுகிறது. ஏனெனில் அவனுக்குக் கற்பிக்கப்பட்ட வழிபாடு, பொருள் வராத கொடுக்கல் வாங்கலாக முடிந்துவிட்டது.

பிள்ளைகளின் பொழுதை இடைவெளியின்றி நிரப்புவதை யாரும் தவறாக எண்ணுவதில்லை, நான் எண்ணுகிறேன். டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், இறைப்பணிக்குப் பயின்ற 40 மாணவர்கள் வேறொரு கட்டடத்துக்குச் சென்று உரையாற்றும்படி அனுப்பப்பட்டார்கள். வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமியபடி சரிந்து கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். வழியில் விழுந்து கிடந்தவருக்கு இரங்கிய மனிதரின் கதையைப் பற்றியே பேசச் சென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே கீழே விழுந்த நண்பனை வீடுவரை கொண்டுவிட்டுத் தனிப்பயிற்சிக்குத் தாமதமாக வந்த மகளிடம் “வகுப்பு போய்விட்டதே” என்று முதலில் சொல்கிறோமா, “அவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று முதலில் கேட்கிறோமா என்பதில் அவள் கற்கும் பாடம் இருக்கிறது.

பணத்தைப் பழித்துப் பேசுவதால் பற்று குறையாது. வீட்டு வரவு செலவை வளர்ந்த பிள்ளைகளிடம் மறைக்காமல், எதற்குச் செலவிடுகிறோம், எதை வேண்டாமென்று விட்டோம், ஏன் விட்டோம் என்று சொல்வதே பயன் தரும்.

கடைசியாக, கேள்வியை அவமரியாதையாகக் கருதும் தவறு. கடவுள் இருந்தால் நல்லவர்கள் ஏன் துன்பப்படுகிறார்கள் என்று பதினாறு வயதில் ஒருவன் கேட்டால், அவன் நம்பிக்கையை இழந்துவிட்டான் என்று பதற வேண்டியதில்லை. பிறர் சொல்லக் கேட்டுப் பெற்ற நம்பிக்கை இனித் தன்னுடையதாக வேண்டும் என்று அவன் முயல்கிறான். வாயை அடைத்தால் அவன் நம்மிடம் கேட்பதைத்தான் நிறுத்துவான். “எனக்கும் இதில் ஐயம் உண்டு; அந்த ஐயத்தோடும் நான் இப்படித்தான் வாழ்கிறேன்” என்று சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். விடைத்தாளோடு வந்த அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்துவிட்டான். எது சரி என்று அவன் தன் தந்தையிடம் கேட்டதை அன்றைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.