மதியக் குட்டித் தூக்கம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்பது பாதிதான் சரி. மதியம் பட்டினி கிடந்தாலும் அந்த நேரத்தில் கண்ணைச் சொருகத்தான் செய்யும். உடல் கடிகாரத்தில் பிற்பகலுக்கென்றே ஒரு சரிவு இருக்கிறது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் அது இன்னும் ஆழமாகிறது, அவ்வளவுதான். தூக்கம் வருவதில் தப்பே இல்லை. எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

அலாரம் வைக்காமல் ‘சும்மா கண்ணை மூடுகிறேன்’ என்று சாய்வதுதான் பெரிய தவறு. கண்ணயர்ந்த முதல் இருபது நிமிடம் மேலோட்டமான தூக்கம். அதிலிருந்து எழுந்தால் தெளிவாக இருக்கும். அரை மணி நேரத்தைத் தாண்டினால் உடல் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கத் தொடங்கும். ஐம்பதாவது நிமிடத்தில் யாராவது தட்டி எழுப்பினால் வாய் உலர்ந்து, தலை கனத்து, இது காலையா மாலையா என்றே ஒரு கணம் பிடிபடாது. இந்த மந்தம் விலக அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தூங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுவது அப்போதுதான்.

அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள்: கண் அசர ஐந்து, தூங்க இருபது. கைப்பேசியைக் கை எட்டாத இடத்தில் வைப்பது முக்கியம். ‘இன்னும் பத்தே நிமிடம்’ என்று ஸ்நூஸை அழுத்தினால் அந்தப் பத்து நிமிடம்தான் ஆழத்துக்கு இழுத்துப் போகும். நெடுந்தூர விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில் 40 நிமிட ஓய்வு தரப்பட்டது. அவர்கள் உண்மையில் தூங்கியது சராசரியாக 26 நிமிடம். அதற்கே விழிப்பும் வேலைத் திறனும் கூடியிருந்தன. முந்தைய இரவு தூக்கம் கெட்டவரும் இரவுப் பணிக்குப் போகிறவரும் வேண்டுமானால் 90 நிமிடம் தூங்கலாம். அது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. முடிவில் தூக்கம் மறுபடி மேலோட்டமாகிவிடும்.

அடுத்தது, நேரம் கடந்து தூங்குவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. இரவில் நம்மைச் சாய்ப்பது இதுதான். மாலையில் தூங்கினால் சேர்த்ததைச் செலவழித்துவிடுகிறோம். சிங்கப்பூரில் இன்னொரு சங்கதி உண்டு. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால், சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். ஆகவே இங்கே ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள் தூங்குவது பொருத்தம், மூன்றரைதான் எல்லை. மாலை ஏழு மணி எம்ஆர்டி ரயிலில் கழுத்து தொங்கத் தூங்கிக்கொண்டே வீடு திரும்புகிறவர், இரவு பன்னிரண்டுக்குப் புரண்டுகொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை. படுத்தால் தூக்கமே வருவதில்லை என்று அவதிப்படுகிறவர்கள் பகல் தூக்கத்தை அடியோடு விடுவதே நல்லது.

காப்பியை எழுந்த பிறகு குடிக்கிறோமே, அதையும் மாற்றிப் பார்க்கலாம். காஃபின் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங்கை மடமடவென்று குடித்துவிட்டுச் சாய்ந்தால், அலாரம் அடிக்கும்போது அதுவும் சேர்ந்து எழுப்பும். ஆனால் இரண்டு மணிக்குப் பிறகு இந்த வித்தை வேண்டாம். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

சாப்பிட்ட கையோடு மல்லாந்து படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குவதே மேல். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் சட்டென்று எழக் கூடாது. கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு எழட்டும்.

இடத்தில் செய்யும் தவறு உயிருக்கே உலை வைக்கும். கட்டுமானத் தளத்தில் நிழல் கிடைக்கிறதே என்று லாரிக்கு அடியிலோ மண்வாரி இயந்திரத்தின் பின்னாலோ ஒருபோதும் படுக்காதீர்கள். ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். டாக்சி ஓட்டுகிறவர்கள் நிறுத்திய வண்டியில் குளிர்சாதனத்துக்காக இன்ஜினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், மூடிய இடத்தில் நச்சுப் புகை ஆபத்து வேறு. வெயிலில் இன்ஜினை அணைத்தால் வண்டி அடுப்பாகிவிடும். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் நடுத் தளத்தில், சன்னல்களை இறக்கி வைத்துத் தூங்கலாம். எழுந்ததும் ஓட்டாதீர்கள், முகம் கழுவி, வெளிச்சத்தில் கால் மணி நேரம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

இரவு ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் தினமும் பகலில் கண் சொருகினால் அலாரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பலத்த குறட்டை, காலைத் தலைவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் உடன் தூங்குகிறவரையும் அழைத்துப் போங்கள். மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்தவர் அவர்தான்.