க்ரைம் லிஸ்ட் பாத்து ஊரை எடை போடாதீங்க: என்சிஆர்பி கணக்கு படிக்கும்போது நாம பண்ற தப்புங்க

நாடு முழுக்க போலீஸ் பதிவு பண்ற குற்றங்களை தொகுத்து வெளியிடற மத்திய அரசு அமைப்புதான் என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவண காப்பகம்). ஒவ்வொரு தடவை அதோட ரிப்போர்ட் வரும்போதும் வாட்சப்ல ஒரு லிஸ்ட் சுத்தும், குற்றத்துல இந்த மாநிலம்தான் முதலிடம், அந்த சிட்டிதான் மோசம்னு. கட்சிக்காரங்க ஆளுக்கொரு பக்கத்தை எடுத்து வச்சுகிட்டு சண்டை போடுவாங்க, நாமளும் ஃபார்வர்ட் பண்ணிடுவோம். அதுல இருக்கறது நடந்த குற்றம் இல்லீங்க, போலீஸ் பதிவு பண்ண குற்றம். இத புரிஞ்சுக்காததுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு.

எங்க சித்தி கதையவே சொல்றேன். கோயிலுக்கு போயிட்டு வர்றப்ப பைக்ல வந்த ரெண்டு பேர் தாலிச் செயினை அறுத்துட்டு போயிட்டானுங்க, கழுத்த சுத்தி சிவப்பா கோடு, ஒரு வாரம் ஆச்சு அது மறைய. ஸ்டேஷன்ல மனு எழுதி வாங்கிட்டு ஒரு சிஎஸ்ஆர் ரசீது குடுத்தாங்க. சித்தி அதை நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சுகிட்டு பாக்கறவங்க கிட்டல்லாம் "கேஸ் போட்டாச்சுப்பா"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. நாலு மாசம் கழிச்சு நான் போய் கேட்டப்பதான் தெரியுது, எஃப்ஐஆரே போடல. சிஎஸ்ஆர்ங்கறது உங்க மனு வந்துச்சுங்கறதுக்கு ரசீது, அவ்வளவுதான், அது கேஸ் கிடையாது, என்சிஆர்பி கணக்குலயும் ஏறாது. அப்போ அந்த செயின் பறிப்பு அரசாங்க கணக்குப்படி நடக்கவே இல்ல.

இப்படி எத்தனை சித்திங்க இருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேயில, அடி உதையோ பாலியல் வன்முறையோ அனுபவிச்ச பொண்ணுங்கள்ல யார்கிட்டயாவது உதவி கேட்டவங்களே 14 சதவீதம்தான், அதுலயும் சொந்தக்காரங்க கிட்ட போனவங்கதான் அதிகம், போலீஸ் வரைக்கும் வந்தவங்க ரொம்ப கம்மி. அதனால கேஸ் கம்மியா இருக்கற ஊரு நிம்மதியான ஊருன்னு சொல்லிட முடியாது, ஸ்டேஷன் படி ஏற ஜனங்க பயப்படற ஊராவும் இருக்கலாம். கேரளா வருஷா வருஷம் க்ரைம் ரேட்ல (லட்சம் பேருக்கு எத்தனை கேஸ்ங்கற கணக்கு) மேல வர்றதையும் இத வச்சுதான் பாக்கணும். குற்றம் கூடுறது வேற, பதிவு கூடுறது வேறன்னு என்சிஆர்பியே ரிப்போர்ட்ல எழுதி வச்சிருக்கு, அந்த பக்கத்தை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

அடுத்தது, மொத்த எண்ணை மட்டும் பாக்கறது. 2019ல நாடு முழுக்க சுமார் 51.5 லட்சம் கேஸ், 2020ல 66 லட்சம், 28 சதவீதம் ஏறிடுச்சு. லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்த வருஷம் அது, அப்புறம் எப்படி? அரசு உத்தரவை மீறினதுக்கு அப்போ போட்ட பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 188வது பிரிவு கேஸ் மட்டும் 29,469ல இருந்து 6,12,179க்கு போயிடுச்சு, ஏறினதுல பெரிய பங்கு லாக்டவுன் கேஸ்தான். எந்த தலைப்புல ஏறுச்சுன்னு பாக்காம பேசவே கூடாது. இன்னொன்னு, ஒரே எஃப்ஐஆர்ல நாலு குற்றம் இருந்தா அதுல பெருசு எதுவோ அதை மட்டும்தான் எண்ணுவாங்க, கொலையோட திருட்டும் சேர்ந்திருந்தா அது கொலைக் கணக்குல போயிடும்.

புதுசா ஒரு திட்டம் கொண்டு வந்ததும் கேஸ் கூடுச்சுன்னா திட்டம் ஃபெயில்னு சொல்றது இன்னொரு தப்பு, எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற தப்பும் இதுதான். மத்தியப் பிரதேசத்துல 180 ஸ்டேஷனை எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க, சிலதுல பெண்களுக்குன்னு தனி ஹெல்ப் டெஸ்க் வச்சாங்க. டெஸ்க் இருந்த இடத்துல பொண்ணுங்களோட கேஸ் அதிகமா பதிவாச்சு, பெண் போலீஸ் உக்காந்த டெஸ்க்ல இன்னும் அதிகமா. அந்த ஊர்கள்ல திடீர்னு கொடுமை கூடிடல, அதுவரைக்கும் திரும்பிப் போன பொண்ணுங்களோட புகாரை எழுதி வாங்கினாங்க. அந்த இன்ஸ்பெக்டரைப் பிடிச்சு "உன் லிமிட்ல ஏன்யா க்ரைம் ஏறுது"ன்னு மேல இருந்து கேட்டா அடுத்த மாசம் என்ன ஆகும்? புகார் குடுக்க வர்றவங்களுக்கு சிஎஸ்ஆர் கூட கிடைக்காது.

போலீஸ் ஜனங்களை கூப்பிட்டு மீட்டிங் போட்டு டீ பிஸ்கட் குடுத்தா அவங்க மேல நம்பிக்கை வந்துடும்னு நினைக்கறதும் சரியில்ல. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா, ஆறு நாட்டுல இப்படி போலீஸும் ஜனங்களும் சேர்ந்து செயல்படற சமூக காவல் திட்டத்தை சோதிச்சு 2021ல முடிவு வெளியிட்டாங்க, நம்பிக்கையும் கூடல, குற்றமும் குறையல. அதிகாரிங்க அடிக்கடி மாறினாங்க, ஜனங்க சொன்ன பிரச்சனைய கவனிக்க ஆளும் காசும் இல்ல. நம்ம ஊர்லயும் 1993ல ராமநாதபுரத்துல ஆரம்பிச்ச, பொதுஜனங்க போலீஸுக்கு உதவற ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் எத்தனை வருஷம் ஓடுச்சு, 2020ல சாத்தான்குளம் ஸ்டேஷன்ல அப்பாவும் மகனும் அடிபட்டு செத்த பிறகு அந்த அமைப்பு மேலயும் புகார் வந்து, அரசே தடை போட்டுச்சு. லாக்கப்புக்குள்ள நடக்கறத எந்த மீட்டிங்கும் ஈடு கட்டாது.

உங்களுக்கு ஒன்னு நடந்தா சிஎஸ்ஆரோட வீட்டுக்கு வந்துடாதீங்க, எஃப்ஐஆர் நம்பர் கேளுங்க, காப்பி இலவசமா குடுக்கணும். பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013ல லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2024 ஜூலையில இருந்து இருக்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல மூணுல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை இருக்கற குற்றத்துக்கு மட்டும், டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம். மறுத்தா எஸ்பிக்கு தபால்ல அனுப்பலாம், அதுவும் ஆகலேன்னா மாஜிஸ்திரேட் கோர்ட். நாங்க எஸ்பி ஆபீஸுக்கு பதிவுத் தபால் போட்டோம், பத்து நாள்ல ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டு எஃப்ஐஆர் போட்டாங்க. செயின் இன்னும் கிடைக்கல, ஆனா எங்க மாவட்டக் கணக்குல ஒரு செயின் பறிப்பு கூடியிருக்கு, அது எங்க சித்தியோடது.