ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் மேல் புகார் எழுதுவது எப்படி

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஸ்கூபா (காற்றுத் தொட்டி மாட்டிக்கொண்டு நீருக்கடியில் போவது) நீச்சல்குளப் பயிற்சிக்கு உதவப் போகும் டைவ்மாஸ்டர் நான், அதாவது இன்ஸ்ட்ரக்டருக்கு உதவியாளர். அங்கே பழக்கமான ஒரு பெண் கடலுக்குப் போய்விட்டு வந்து, "அக்கா, எங்க ஆறு பேரையும் ஒரே ஆள் கூட்டிட்டுப் போனார். கையில கட்டியிருந்த கம்ப்யூட்டர் பதினாறு மீட்டர் ஆழம் காட்டுச்சு" என்றாள். ஆறு பேருக்கும் அதுதான் முதல் டைவ். இன்ஸ்ட்ரக்டர்களுக்குச் சான்று தரும் பேடி (PADI) அமைப்பின் விதிப்படி முதல்முறை இறங்குபவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. தனியாகக் கூட்டிப்போகும் இன்ஸ்ட்ரக்டர் கடலில் நான்கு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

நானே எழுதித் தரலாமா என்று தோன்றியது. ஆனால் பார்த்தது அவள். பார்த்தவர்தான் எழுத வேண்டும்.

அன்றிரவே எழுதிவிடுங்கள். தேதி, படகு ஏறிய நேரம், எத்தனை பேர், யார் எங்கே இருந்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். "பொறுப்பில்லாதவர்" என்று எழுதாதீர்கள். "திரும்பிப் பார்த்தேன், அவர் தெரியவில்லை" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடாதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் என்ற சான்று அட்டைதான் அவருக்குச் சோறு போடுகிறது.

அப்புறம், டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கைக்கருவி) காட்டும் அதிகபட்ச ஆழத்தை மட்டும் படம் எடுத்தால் போதாது, நேரத்துக்கு நேரம் ஆழத்தைக் கோடாகக் காட்டும் முழு வரைபடத்தையும் சேமியுங்கள். அவள் அந்தக் கருவியை அண்ணனிடம் இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள், நல்லவேளை பதிவை அழிக்கவில்லை. ஒருவர் கீழே போய்விட்டார், பிடிக்கப் போனேன் என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் கோடு சட்டென்று இறங்கி ஏறியிருக்கும். அவளுடைய கோடோ பதினொரு நிமிடம் 14 மீட்டருக்குக் கீழேயே கிடந்தது.

அவர் எந்த அமைப்பில் உறுப்பினரோ, அதன் தரக் கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர் வேலை பார்க்கும் டைவ் மையம் மூலமாக வேண்டாம். இன்ஸ்ட்ரக்டரிடம் புகாரைக் காட்டிப் பதில் கேட்டீர்களா என்றும் அந்தப் பிரிவிடம் கேளுங்கள். அவர் தரப்பைக் கேட்காமல் எடுக்கும் முடிவை நான் ஏற்கமாட்டேன். விசாரிப்பவர் அந்த மையத்துக்கு விற்பனை பார்ப்பவராக இருக்கக் கூடாது. இன்ஸ்ட்ரக்டர் கட்டும் ஆண்டுச் சந்தா அமைப்புக்கு வருமானம், அதனால் இதை வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். மறுபயிற்சி, இடைநீக்கம், வெளியேற்றம் என எதுவும் வரலாம். முழு விவரம் உங்களுக்குச் சொல்லாமலும் போகலாம்.

யாருக்காவது உயிராபத்தோ காயமோ என்றால் முதலில் மருத்துவமனை, போலீஸ்.

அவளுக்கு "பரிசீலித்து நடவடிக்கை எடுத்தோம்" என்று ஒரு வரிதான் வந்தது. இப்போதெல்லாம் முன்பணம் கட்டும் முன் இன்ஸ்ட்ரக்டரின் உறுப்பினர் எண்ணை வாங்கி, அமைப்பின் தளத்தில் அவர் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.