கோல் விழுந்த பிறகு வரும் பத்து விநாடிகள்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினைந்து ஆண்டுகளாக உதைபந்தாட்டம் பயிற்றுவிக்கிறேன். அதற்கு முன்பு கோல் காத்தவன். என்னிடம் ஆடிய இருவர் இன்று கொழும்புக் கழகங்களில் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

வீரன் பிழைவிட்டதும் முதல் பத்து விநாடிக்கு வாயைத் திறக்காதீர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் சொல்லி ஏசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), பந்து தவறினால் ஏச்சு என்று பழகிவிட்டோம். கோட்டருகே நின்று கத்தினால் இறங்குவது உங்கள் பதற்றம் மட்டும்தான். பந்து காலை விட்டுப் போன கணத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நானும் கத்தியவன்தான். ஒரு ஜூலை மாதம், எதிர்க் கோல்கம்பம் தெரியாத அளவுக்கு மூடுபனி. என் பின்கள வீரன் கோல்காப்பாளருக்குத் திருப்பிக் கொடுத்த பந்து பாதி வழியில் தேங்கிய நீரில் நின்றுவிட்டது. எதிரணிக்காரன் ஓடிவந்து கோலாக்கினான். “கண் தெரியவில்லையா?” என்று மைதானமே கேட்கக் கத்தினேன். அதற்குப் பிறகு அவன் காலுக்கு வந்த பந்தெல்லாம் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. நான்கு முறை தேடி எடுத்து வந்தோம். இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: பந்தைத் தரையோடு கொடுக்கச் சொன்னவன் நான். சேற்றைப் பார்த்த பிறகும் அந்தக் கட்டளையை நான் மாற்றவில்லை.

ஆகவே, பிழை யாருடையது என்று முதலில் பாருங்கள். கால் வழுக்கியதா, முடிவு தவறியதா, ஓடாமல் நின்றானா? வழுக்கலுக்குப் பேச்சே வேண்டாம், பயிற்சி போதும். ஓடாதவனிடம் தனியாக, கண்டிப்பாகவே பேசுங்கள். அதில் எனக்கு இரக்கம் கிடையாது. முடிவு தவறியவனிடம்தான் பொறுமை வேண்டும். “ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கேட்டால் சாக்குத்தான் வரும். “பந்து வந்தபோது உனக்கு என்ன தெரிந்தது?” என்று கேளுங்கள். பக்கத்தில் நின்றவன் குரல் கொடுக்கவில்லை என்பதுபோல, நீங்கள் கோட்டருகே நின்று காணாத ஒன்று வெளியே வரும்.

அதற்கும் முன்னால் உடம்பைப் பாருங்கள். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. லிவர்பூல் கோல்காப்பாளர் கரியுஸ் எறிந்த பந்து ரியல் மாட்ரிட்டின் பென்சமாவின் காலில் பட்டு உள்ளே போனது. பிறகு அதே அணியின் பேல் தூரத்திலிருந்து அடித்தது அவர் கையில் பட்டு நழுவியது. ரியல் மாட்ரிட் 3-1 என வென்றது. நானும் அன்று அவரைத் திட்டினேன். சில நாட்களில் அமெரிக்க மருத்துவர்கள் பரிசோதித்து, அந்த ஆட்டத்தில் அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தது, அது ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்றார்கள். முதல் கோலுக்குச் சற்று முன் மாட்ரிட்டின் ராமோஸ் அவர்மீது மோதியிருந்தார். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுங்கள். அன்று திரும்ப அனுப்பாதீர்கள்.

ஆனால் அதே கோடையில் லிவர்பூல் வேறொரு கோல்காப்பாளரை, அலிசனை, வாங்கியது. கரியுஸைப் பொதுவில் விட்டுக்கொடுக்காத அதே கிளொப்தான் பயிற்றுவிப்பாளர். இதில் முரண் எதுவும் இல்லை. ஆறுதல் வேறு, அணித்தெரிவு வேறு. சம்பளத்துக்கு ஆடுகிறவன் இடத்தை இழக்கலாம். அதை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாமல், முதல்நாளே நேரில் சொல்லுங்கள்.

பத்திரிகையாளர் முன்னால் பெயர் சொல்லவே வேண்டாம். 2021இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் இங்கிலாந்தின் ரஷ்போர்ட், சான்சோ, பத்தொன்பது வயது சாக்கா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டார்கள். அடிப்பவர்களைத் தெரிவு செய்தவன் நானே, பொறுப்பும் என்னுடையதே என்றார் அவர்களின் பயிற்றுவிப்பாளர் சவுத்கேட். 1996 ஐரோப்பியக் கிண்ணத்தில் அவரே பெனால்டி தவறவிட்டவர். அந்த வலி அவருக்குத் தெரியும். 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் சாக்கா மறுபடி பெனால்டி அடிக்க நின்றார். உள்ளே போட்டார்.

கோல் விழுந்த கையோடு ஆளை மாற்றாதீர்கள். காயமென்றால் மட்டும் விதிவிலக்கு. இடைவேளையில் அந்தப் பிழையைப் பற்றி ஒரு வாக்கியம், அடுத்த பாதியில் செய்ய வேண்டியதைப் பற்றி மூன்று வாக்கியம் போதும். காணொளியை ஆட்டம் முடிந்த இரவே காட்டாதீர்கள், மறுநாள் தூங்கி எழுந்து வரட்டும். காட்டும்போது அவன் சரியாகச் செய்ததும் அதில் இருக்கட்டும்.

எங்கள் பின்கள வீரனிடம் செவ்வாய்க்கிழமை, “சொன்னவன் நான், பிழை என்னுடையது” என்றேன். “இல்லை சேர்” என்று தரையைப் பார்த்தான். மழை விட்டிருக்கவில்லை. அதே ஈரத்தரையில் அதே பந்தை உருட்டினேன். முதல் ஐந்தையும் செடிக்குள் அடித்தான். ஆறாவதைக் காலடியில் நிறுத்தி, தலை தூக்கிப் பார்த்து, நீர் தேங்காத பக்கமாகக் கொடுத்தான். நான் ஏழாவதை உருட்டினேன்.